ஒரு சொல்லா, இரு சொல்லா?



'மாலை' என்ற சொல்லுக்கு அந்திப்பொழுது என்றும் பொருள், தொடுத்த பூ என்றும் பொருள். 'கண்' என்ற சொல்லுக்கு முகத்தில் இருக்கும் உறுப்பு, தேங்காயின் மூன்று குழிகள், சல்லடையின் துளை, மயிற்பீலியின் வட்டம் என்று பல பொருள். பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்லித் தருகிறோம்: பலபொருள் ஒருசொல். ஆனால் இரண்டும் ஒரே வகை அல்ல என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கண்ணின் பொருள்கள் ஒன்றுக்கொன்று உறவு. முகத்துக் கண்ணைப் பார்த்தவன்தான் தேங்காயிலும் கண்ணைப் பார்த்தான். பூமாலைக்கும் அந்திமாலைக்கும் அப்படி ஒரு கொடிவழியும் கிடையாது. பொழுதைக் குறிக்கும் மாலை இங்கேயே பிறந்த சொல், பூவைக் குறிக்கும் மாலை வடமொழியிலிருந்து வந்த சொல். தற்செயலாக ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன.

மொழியியலார் முதல் வகையைப் பல்பொருண்மை என்கிறார்கள், இரண்டாம் வகையை ஒப்புருச் சொற்கள் என்கிறார்கள். கண் ஒரே சொல், அதற்குப் பல பொருள். மாலை இரண்டு சொல், அவற்றுக்கு ஒரே உருவம். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு நூறு சொற்களை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தால் பத்தாவது சொல்லிலேயே கை நின்றுவிடும். இந்த எல்லைக்கோட்டைச் சொல்லுக்குள் தேடுவது வீண் வேலை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. பேசுகிறவர்கள் இந்தக் கோட்டைப் போடுகிறார்கள், அழிக்கிறார்கள், இடம் மாற்றிப் போடுகிறார்கள். தொல்காப்பியர் அந்தக் கோட்டைப் போடாமல் விட்டதைக் குறை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

தொல்காப்பியத்தில் இந்தப் பேச்சு இரண்டு இடங்களில் வருகிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல் இரண்டாகப் பகுக்கப்படுகிறது. பொருள் உறவு உண்டா இல்லையா என்ற அடிப்படையில் அன்று. கேட்கிறவனுக்குப் பொருள் எப்படித் தெளிகிறது என்ற அடிப்படையில். ஒருவகைச் சொற்களின் பொருளை உடன்வரும் வினையே பிரித்துக் காட்டிவிடும். 'மா பூத்தது' என்றால் மரம், 'மா கனைத்தது' என்றால் குதிரை. மற்ற வகைக்கு வினை உதவாது. 'மா விழுந்தது' என்றால் மரமும் விழும், விலங்கும் விழும். அப்போது சொல்கிறவன்தான் தெளிவுபடுத்திச் சொல்ல வேண்டும். முதல் வகையைத் தெளிய மூன்று துணைகளைத் தருகிறார்: வேறுபடும் வினை, இனம், சார்பு. இனம் என்பது உடன் அடுக்கி வரும் சொற்கள். மாவும் பலாவும் வாழையும் என்றால் யாரும் குதிரையை நினைப்பதில்லை. சார்பு என்பது சூழ்நிலை. யாழ்ப்பாணத்து அடுக்களையில் நின்றுகொண்டு ஓர் அம்மா "அந்த மாவை எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றால் அரிசிமாவோ கோதுமை மாவோதான் வரும். தஞ்சாவூர்க் களத்துமேட்டில் ஒருவர் "நமக்கு மூணு மா இருக்கு" என்றால் அது நிலம். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. பின்னால் வந்த நன்னூலார் இந்த மூன்றோடு இடத்தையும் சேர்த்தார்.

இன்னோர் இடம் எட்டாவதான உரியியல். அங்கே 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்லப்படுகிறது. காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம், சிறப்பு, மிகுதி, விளக்கம், வரைவு, முன்தேற்று. அதோடு விடாமல் ஐயமும் கரிப்பும்கூட உண்டு என்று இரண்டைக் கூட்டுகிறார். கடிநகர் என்றால் காவல் உள்ள ஊர், கடிமணம் என்றால் புதுமணம். காவலிலிருந்து அச்சம் பிறந்ததா, கூர்மையிலிருந்து விரைவு வந்ததா என்று அவர் கேட்கவில்லை. ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் கண்ணுக்குப் பளிச்சென்று புலப்படாது என்ற கருத்தில் அதே இயலில் ஒரு நூற்பாவும் இருக்கிறது. காரணமே இல்லை என்று சொல்லவில்லை பாருங்கள், புலப்படாது என்கிறார். அவருடைய அக்கறை கேட்பவன் பக்கம் இருக்கிறது. சொல்லின் பிறப்புச் சான்றிதழைக் கேட்காமல், இந்தச் சொல் இந்த வாக்கியத்தில் எப்படி விளங்குகிறது என்று கேட்கிறார்.

பிறப்புச் சான்றிதழைக் கேட்பதும் சுவையான வேலைதான். இன்று நமக்கு அதற்குக் கருவிகள் இருக்கின்றன. 'ஆறு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்றைய பொழுதில் பெரும்பகுதியை இந்தச் சொல்லுக்கே கொடுக்கலாம், அவ்வளவு தகும்.

ஆறு என்றால் நதி. ஆறு என்றால் வழி. ஆறு என்றால் ஐந்துக்கு அடுத்த எண். காப்பி ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. பட்டிமன்றங்களில் இதற்கு ஓர் அழகான விளக்கம் சொல்வார்கள்: நீர் செல்லும் வழி ஆகையால் ஆறு என்று பெயர் வந்தது என்று. மக்கள் மனத்தை ஆற்றுவதால் ஆறு என்று இன்னொருவர் சொல்வார். கைதட்டல் கிடைக்கும். கொஞ்சம் சங்க நூல்களைப் புரட்டிப் பார்த்தால் கைதட்டல் குறையும். அங்கே நதிக்குப் பெயர் 'யாறு'. வழிக்குப் பெயர் 'ஆறு'. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அதை யாரும் யாற்றுப்படை என்று எழுதவில்லை. இரண்டும் ஒரே சொல்லாக இருந்திருந்தால் ஒன்றுக்கு மட்டும் யகரம் எதற்கு?

அக்கம்பக்கத்து மொழிகளையும் சாட்சிக்கு அழைக்கலாம். தெலுங்கில் நதி 'ஏறு', எண் 'ஆறு'. நம் யானை அங்கே ஏனுகு ஆனதைப் போலவே நம் யாறு அங்கே ஏறு ஆகியிருக்கிறது. நாம் சொல் முதலில் இருந்த யகரத்தைக் கழற்றிப் போட்டோம், யானை ஆனையானது, யாடு ஆடானது, யாமை ஆமையானது. அந்தக் கழற்றலில் யாறும் ஆறாகி ஏற்கெனவே இருந்த ஆறுகளோடு போய்ச் சேர்ந்தது. ஆட்டுக்கும் இதே கதைதான். 'யாடு' என்ற விலங்கு, கூத்தாடும் 'ஆடு' என்ற வினையோடு ஒட்டிக்கொண்டது. எண்ணான ஆறும் சும்மா இருந்த சொல் அன்று. கோண்டி மொழியில் ஆறு 'சாருங்', ஐந்து 'சயுங்'. மூலத் திராவிடத்தில் இந்த எண்களின் முதலில் ஒரு சகர ஒலி இருந்தது, தமிழ் உட்படப் பல மொழிகளில் அது உதிர்ந்தது என்று ஒப்பிலக்கணத்தார் கொள்கிறார்கள். ஆக ஒரு சொல் யகரத்தை இழந்தது, இன்னொன்று சகரத்தை இழந்தது. வெவ்வேறு ஊரிலிருந்து புறப்பட்டு, வெவ்வேறு காலத்தில் தலைப்பாகையைத் தொலைத்து, ஒரே சந்தையில் ஒரே தலையோடு நிற்கிறார்கள். பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவை தனித்தனிப் பதிவுகளாகத்தான் இருக்கின்றன.

'கால்' இதற்குச் சளைத்தது அன்று. நடக்கும் கால், பழந்தமிழில் காற்றைக் குறிக்கும் கால், வாய்க்காலின் கால், அரையில் பாதியான கால். தெலுங்கில் உடலின் கால் 'காலு', நீரோடும் கால் 'காலுவ'. காற்றுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'காலி'. அதன் முதலெழுத்தைக் 'கங்கை'யில் இரண்டாவதாக வரும் ககரத்தைப் போல மெலித்துச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதும்போது அந்த மெலிவு காணாமற்போய், 'வீடு காலி' என்பதன் காலியாகிவிடுகிறது பாருங்கள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னோர் ஒப்புருச் சொல் பிறந்துவிட்டது. சரி, உறுப்பு ஒரு சொல், காற்று இன்னொரு சொல் என்று பிரித்துவிடலாம். நாலில் ஒன்றான கால்? கன்னடத்தில் உறுப்பும் காலு, நாலில் ஒன்றும் காலு. வடமொழியில் பாதம் என்றாலும் அடி, நாலில் ஒரு பங்கு. நாலுகால் விலங்கில் ஒரு கால் நாலில் ஒன்று என்று மனிதர்கள் எண்ணியது ஒரே மொழியில் மட்டும் நடந்த விபத்தாக இருக்க முடியாது. ஆகவே அளவுக் காலும் உடற்காலும் ஒரே சொல்தான் என்பது என் கட்சி. ஆனால் "கால் கிலோ தக்காளி" என்று கேட்கும் யாருடைய மனத்திலும் எந்த விலங்கின் காலும் எட்டிப் பார்ப்பதில்லை. வரலாறு ஒன்று என்கிறது, பேசுகிறவன் இரண்டு என்கிறான். ஆற்றின் வழக்கில் நேர்மாறு. அங்கே வரலாறு இரண்டு என்கிறது, பட்டிமன்றம் ஒன்று என்கிறது.

ஒப்புருச் சொற்களைப் பெற்றுத் தள்ளிய இன்னொரு தாய் நம் எழுத்துமுறை. வடமொழியில் ஐந்து வருக்கத்துக்கும் நான்கு நான்காக இருபது வல்லொலிகள். அவை தமிழுக்குள் வந்தபோது க, ச, ட, த, ப என்ற ஐந்து எழுத்தில் அடங்க வேண்டியிருந்தது. விளைவு, 'கரம்' என்று எழுதினால் அது கையாகவும் இருக்கலாம், வரியாகவும் இருக்கலாம், கழுதையாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். நிகண்டுப் புலவர்களுக்கு இது திருவிழா. 'பாவம்' என்று எழுதுகிறோம். செய்த பாவத்தையும் நடனத்தின் பாவத்தையும் வாய் வேறுபடுத்துகிறது, கை வேறுபடுத்துவதில்லை. ஆங்கிலச் சொற்கள் வந்து இந்தக் கூட்டத்தைப் பெருக்கிவிட்டன. "கேஸ் முடிஞ்சிருச்சா?" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால் வக்கீல் வீட்டில் ஒரு பொருள், அடுக்களையில் ஒரு பொருள். சிலிண்டரும் முடியும், வழக்கும் முடியும். வினை வேறுபடாத பலபொருள் ஒருசொல் என்று தொல்காப்பியர் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அந்த எழுத்துவழிப் பிள்ளைகளில் எனக்குப் பிடித்தது 'படம்'. பாம்பின் படம் ஒன்று, சுவரில் மாட்டும் படம் ஒன்று. வடமொழியில் பாம்பின் படத்துக்கு மூச்சொலியோடு கூடிய பகரம், துணிக்கு வெறும் பகரம். இரண்டும் தமிழில் ஒரே பகரம். இரண்டாம் படத்தின் முதற்பொருள் துணி. துணியில் ஓவியம் எழுதினார்கள், ஓவியமே படம் ஆயிற்று. துணி போய்க் காகிதம் வந்தது, படம் போகவில்லை. கேமரா வந்தது, நிழற்படம். சுழலும் பிலிம் வந்தது, திரைப்படம். பிறகு 'திரை' உதிர்ந்து வெறும் 'படம்' போதும் என்றாகிவிட்டது. "நேத்து படத்துக்குப் போனோம்" என்றால் யாரும் ஓவியக்கூடத்தை நினைப்பதில்லை. அங்கிருந்து இன்னொரு தாவல், "சும்மா படம் காட்டாதே". ஒன்றும் இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவதற்குத் தமிழன் சினிமாவை உவமையாக்கியிருக்கிறான். துணியில் தொடங்கிப் பாசாங்கில் முடிகிற இந்த வழியில் ஒவ்வொரு படியும் முந்தைய படியோடு உறவு. முதற்படியும் கடைசிப்படியும் ஒன்றையொன்று அடையாளம் காணா.

பொருள் பெருகும் இந்தச் செய்கைக்கு ஒரு கலைச்சொல்லைத் தந்தவர் மிஷேல் பிரெயால் என்ற பிரெஞ்சு அறிஞர், 1897இல் வெளிவந்த தம் பொருண்மையியல் நூலில். புதிய பொருள் வந்தாலும் பழையது வெளியேற வேண்டியதில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழும் என்பதுதான் அவர் கண்டது. நம் அலுவலகத் தமிழில் 'படி' இருக்கிறதே, அதைப் பாருங்கள். நெல் அளக்கும் படி. வேலை செய்தவனுக்கு அளந்து கொடுத்தது படி. கோயிலில் இன்ன செலவுக்கு இவ்வளவு என்று வகுத்தது படித்தரம். இன்று அரசு ஊழியர் வாங்கும் அகவிலைப்படி, பயணப்படி. மரக்கால் படியைக் கண்ணால் பார்த்திராத இளைஞர்கூட மாதக் கடைசியில் படியை எதிர்பார்க்கிறார். 'கழகம்' இன்னும் வேடிக்கை. திருக்குறளில் சூது அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடம். இன்று அது கட்சிக்கும் பெயர், பல்கலைக்கழகத்துக்கும் பெயர். நாம் இப்போது கூடியிருக்கும் இடம் கருதி இதை மேலும் விளக்காமல் விடுகிறேன்.

அன்றாட வினைகள் இதில் சூரர்கள். 'அடி' என்ற வினையை ஒரு நாள் முழுதும் கேட்டுப் பாருங்கள். போன் அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, பெயிண்ட் அடிக்கிறார்கள், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், லாட்டரி அடிக்கிறது, கொட்டாங்கச்சி நாற்றம் அடிக்கிறது. அதிகம் புழங்கும் சொல்லுக்கு அதிகப் பொருள் என்பதை ஜார்ஜ் ஜிப் என்ற அமெரிக்கர் 1945இல் கணக்காகவே காட்டினார். ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதன் பயன்பாட்டு அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுகிறது என்றார். அவர் கணக்கு ஆங்கிலத்துக்கு. தமிழ் அகராதியைத் திறந்து 'அடி', 'எடு', 'போடு' ஆகியவற்றின் பதிவு எத்தனை பத்தி நீள்கிறது என்று பார்த்தால், இங்கேயும் திசை அதுதான் என்று தெரியும்.

ஒரு சொல்லா இரு சொல்லா என்று தீர்க்க மொழியியலார் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். இரண்டு பொருளையும் ஒரே வாக்கியத்தில், ஒரே சொல்லில் ஏற்றிப் பார்க்க வேண்டும். "பாம்பும் போட்டோக்காரரும் படம் எடுத்தார்கள்." நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்புதான் தேர்வின் முடிவு, இது இரண்டு சொல். "வீட்டுப் படத்தையும் தாத்தா படத்தையும் மாட்டினான்" என்றால் ஒன்றில் ஓவியமும் ஒன்றில் நிழற்படமும் இருந்தாலும் யாருக்கும் சிரிப்பு வராது. ஆனால் "சுவரில் படம் மாட்டிவிட்டு தியேட்டரில் ஒன்று பார்த்தான்" என்றால்? சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோடு இங்கே எங்கோ ஓடுகிறது, ஆளுக்கு ஆள் சற்றுத் தள்ளி. தற்செயலாக அன்றி, வேண்டுமென்றே இந்தச் சிரிப்பை வரவழைப்பதுதான் சிலேடை. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் கட்டிப்போட்டதெல்லாம் ஒப்புருச் சொற்களை வைத்து ஆடிய ஆட்டம். சொல் உடையாமல் இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்துப் பிரித்துப் படித்தால் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் அதற்கு இலக்கணமும் வகுத்திருக்கிறது.

பேசுகிறவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். அகராதிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அச்சிடும்போது ஒரு பதிவா, இரண்டு பதிவா என்று முடிவுசெய்தே தீர வேண்டும். நிகண்டுகளின் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. திவாகரத்தில் பதினொன்றாம் தொகுதி ஒருசொல் பல்பொருளுக்கு, பிங்கலத்தில் பத்தாவது வகை அதற்கு, சூடாமணியில் மறுபடி பதினொன்றாம் தொகுதி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தப் பதினோராவதை எதுகை வரிசையில் ஒப்பித்தார்கள். மனப்பாடத்துக்கு வேண்டியது ஓசை. பொருள்களுக்குள் உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓசை நிற்கும். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் முதலெழுத்து வரிசையில் தம் அகராதி நிகண்டை அமைத்தார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு செய்தார். அங்கும் பெயரகராதியில் ஒரு சொல்லும் அதன் பொருள்களும் ஒரே வரியில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிதான், 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வந்தபோது, ஒரே உருவச் சொற்களைத் தலைச்சொல்லின் மேலே சிறிய எண் இட்டுப் பிரித்து அடுக்கியது. வையாபுரிப் பிள்ளை முதலானோரின் உழைப்பு அது. ஆங்கில அகராதிகளிடமிருந்து எடுத்த முறை என்றாலும் தமிழில் அதைச் செய்வது எளிதாக இல்லை. ஒவ்வொரு எண்ணும் சொற்பிறப்பியலில் சொல்லப்பட்ட ஒரு தீர்ப்பு. பாடம் படிக்கும் 'படி'யைப் படிதலோடு சேர்ப்பதா, வடமொழி வினையோடு இணைப்பதா என்பது இன்றும் சண்டை. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேறு கேள்வியை முன்னே வைத்தது. இன்று எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை எப்படி ஆள்கிறார்கள் என்று எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டியது. பேரகராதி பிறப்பைப் பார்த்தது, க்ரியா புழக்கத்தைப் பார்த்தது. எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தக் கிளம்புவதில்தான் வம்பு.

ஒரே உருவம் தொல்லையாகும்போது மொழி என்ன செய்கிறது? இதற்கு உலகப் புகழ்பெற்ற வழக்கு பிரான்சின் தென்மேற்கில், கஸ்கோனி வட்டாரத்தில் நடந்தது. ஜூல் ழில்யெரோன் என்ற அறிஞர் பிரான்சுக்கு ஒரு மொழி நிலப்படத் தொகுப்பைத் திட்டமிட்டார். எட்மோன் எட்மோ என்ற ஒருவர் 1897 முதல் 1901 வரை 639 ஊர்களுக்குப் போய்ச் சொற்களைக் கேட்டு எழுதினார். அந்தப் படங்களில் ஒரு விநோதம் தெரிந்தது. கஸ்கோனியின் ஒரு பகுதியில் இலத்தீனச் சொல்லின் இறுதி லகர ஒலி தகர ஒலியாக மாறியிருந்தது. அதனால் சேவலின் பெயரும் பூனையின் பெயரும் 'கத்' என்று ஒன்றாகியிருக்க வேண்டும். ஆனால் அங்கே சேவலை அப்படி யாரும் சொல்லவில்லை. காட்டுக்கோழியின் பெயரைச் சொன்னார்கள், சில ஊர்களில் உதவிப் பாதிரியாரின் பெயரையே சேவலுக்கு வைத்திருந்தார்கள். கோழிக்கூட்டில் கத் புகுந்துவிட்டது என்று ஒருவன் கத்தினால் மகிழ்வதா, கம்பை எடுப்பதா என்று தெரியாமல் எந்தக் குடியானவனும் பிழைக்க முடியாதல்லவா. மாலையும் மாலையும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு, அதனால் அவை நிம்மதியாக வாழ்கின்றன. சேவலும் பூனையும் ஒரே முற்றத்தில் வாழும் பிராணிகள்.

நம் 'மா' அந்த முற்றத்தில் கொஞ்சம் அதிகமாகவே நெருக்கியடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். இன்று தனி 'மா'வைப் பேச்சில் தேடிப் பாருங்கள். மரம் மாமரம் ஆயிற்று, பிஞ்சு மாவடு, காய் மாங்காய். விலங்கும் குதிரையும் வேறு பெயர்களுக்குப் போய்விட்டன. அரைத்த பொடி தமிழ்நாட்டில் மாவு, ஈழத்தில்தான் மா. இதை நான் நிறுவிக் காட்டவில்லை, ஒரு கணிப்பாகவே சொல்கிறேன். ஆனால் வினை உதவாத இடத்தில் சொல்கிறவன் தெளிவுபடுத்திச் சொல்ல வேண்டும் என்ற தொல்காப்பிய விதியைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கடைப்பிடித்தால் கிடைப்பது மாமரம் போன்ற சொற்கள்தான்.

இனி, கேட்கிறவன் தலைக்குள் நடப்பதைப் பார்ப்போம். டேவிட் ஸ்வின்னி 1979இல் செய்த சோதனை இது. பூச்சி என்றும் ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் இருபொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை, சிலந்தியும் கரப்பானும் வரும் வாக்கியத்தில் வைத்தார். சூழல் பூச்சியைத்தான் காட்டுகிறது. ஆனாலும் சொல் காதில் விழுந்த அந்த நொடியில் ஒற்றுவேலை தொடர்பான பொருளும் மனத்தில் விழித்துக்கொண்டிருந்தது. மூன்று அசை கடப்பதற்குள் அது அடங்கிப் பூச்சி மட்டும் எஞ்சியது. சார்பு உதவுகிறது, ஆனால் வாசலில் நின்று தடுப்பதில்லை, உள்ளே விட்டபிறகு வெளியே அனுப்புகிறது. 2002இல் ராட், காஸ்கல், மார்ஸ்லன்-வில்சன் மூவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். உறவில்லாத இரு பொருள்கள் இருந்தால் ஆங்கிலச் சொல்லை அடையாளம் காண நேரம் கூடுகிறது, உறவுள்ள பல பொருள்கள் இருந்தால் நேரம் குறைகிறது. அப்படியானால் அந்த எல்லைக்கோடு மூளைக்கு முற்றிலும் தெரியாததும் அன்று. இந்த முடிவு என் கட்சிக்கு இடைஞ்சல்தான். என் பதில், அங்கே அளக்கப்பட்டது அந்தப் பேச்சாளர்கள் அன்றைக்குப் போட்டு வைத்திருந்த கோடு என்பது. சொல்லின் வரலாற்றை அந்தச் சோதனை பார்க்கவில்லை.

கணினிக்கு மொழிபெயர்ப்புக் கற்றுக்கொடுக்கக் கிளம்பியவர்கள் இதே சுவரில் முட்டினார்கள். 1949இல் வாரன் வீவர் எழுதிய குறிப்பில் ஒரு யோசனை இருந்தது. அட்டையில் சிறு துளையிட்டு ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் பொருள் தெரியாது. துளையைப் பெரிதாக்கி இருபுறமும் சில சொற்களைப் பார்த்தால் தெரியும். இனமும் சார்பும்தான் அது, வேறு உடுப்பில். 1960இல் யெகோஷுவா பார்-ஹில்லல் இதை மறுத்தார். பெட்டி 'பென்'னுக்குள் இருந்தது என்ற வாக்கியத்தில் அது பேனா அன்று, குழந்தை விளையாடும் தடுப்பு என்று அறிய, பெட்டி பெரிது பேனா சிறிது என்ற உலக அறிவு வேண்டும், அது இயந்திரத்துக்கு ஏது என்றார். இன்றைய மொழி இயந்திரங்கள் ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசை என்ற பழைய ஏற்பாட்டைவிட்டு, அது வரும் வாக்கியத்துக்கு ஏற்ப எண்களைப் புதிதாகக் கணக்கிடுகின்றன. பதிவு ஒன்றா இரண்டா என்ற கேள்வியை அவை கேட்பதே இல்லை.

தமிழுக்கு இங்கே தனிச் சிக்கல் ஒன்று உண்டு, தனி வசதியும் உண்டு. மூன்று துணைகளில் தொல்காப்பியர் முதலில் வைத்தது வினையை. நம் வாக்கியத்திலோ வினை கடைசியில் வருகிறது. "மா போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் அந்தத் திடலில்" என்று தொடங்கிய வாக்கியம் 'பூத்தது' என்று முடியுமா 'மேய்ந்தது' என்று முடியுமா என்று கேட்பவர் காத்திருக்க வேண்டும். ஆங்கிலக்காரருக்கு வினை இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடும். நாம் அவ்வளவு நேரம் ஐயத்தில் தொங்குவதில்லையே, எப்படி?

பெயர் உருபேற்கும் விதமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. "ஆற்றில் ஒரு பங்கு" என்றால் நதி, "ஆறில் ஒரு பங்கு" என்றால் எண். நதிக்கும் வழிக்கும் றகரம் இரட்டிக்கும், எண்ணுக்கு இரட்டிக்காது. வேற்றுமை ஏற்றதும் எண் தனியே பிரிந்துவிடுகிறது, வினை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விலங்கான ஆட்டுக்கு 'ஆட்டை' உண்டு, ஆடுதல் வினைக்கு உருபே கிடையாது. வினைகளும் இப்படித்தான். தூசி படிந்தது, பிள்ளை படித்தது. இறந்தகாலத்தில் ஒன்று மெலிந்தும் ஒன்று வலிந்தும் நிற்கிறது. பேரகராதி வினைத் தலைச்சொல்லின் பக்கத்தில் தல், த்தல் என்று போடுவது இதற்காகத்தான். வினை, சார்பு, இனம், இடம் என்ற வரிசையில் உருபேற்கும் வடிவத்தையும் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். தமிழ்த் தரவுகளை இயந்திரத்துக்குக் கொடுப்பவர்கள் சொற்களை வேர்வரை வெட்டி உருபுகளை ஒதுக்குவதைப் பார்க்கிறேன். அப்படி வெட்டும்போது, பொருளைப் பிரித்துத் தந்த கத்தியையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

வடிவமும் கைவிடும் இடங்கள் உண்டு. 'படியாத பிள்ளை' என்று ஒரு பழைய வாத்தியார் எழுதியிருந்தால் பாடம் படிக்காத பிள்ளையா, சொல்லுக்குப் படியாத பிள்ளையா என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது, எதிர்மறையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பேச்சுத்தமிழ் அதையும் விட்டுவைக்கவில்லை. பாடத்துக்குப் 'படிக்காத' என்று ஒரு ககரத்தை நுழைத்துக்கொண்டது, தலைமுடிக்கும் அடங்காத பிள்ளைக்கும் 'படியாத'வை விட்டுவைத்திருக்கிறது.